காண்டலும் உரையும்: காங்கோ நாட்டு நிழற்படங்கள்

பொருள்களை உள்ளவாறு அறிதற்குரிய கருவிகளை நம் முன்னோர் அளவை என வழங்கினர். காண்டல், கருதல், உரை என அவை மூன்றாகத் தொகுத்துக் கூறப்படும். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காண்டல். கண்ட புகையைக் கொண்டு காணாத நெருப்பை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் கூறும் மொழியால் அறிவது உரை. சமய நூலார் உரை என்றது திருமொழியையே யாயினும், யாம் அச்சொல்லைச் சற்றே நெகிழ்த்து, பிறர் வாய்மொழியால் வரும் செய்தியனைத்திற்கும் ஈண்டு ஆளுகின்றோம்.

பத்திரிகை என்பது தோன்றிய நாள்தொட்டு உரையளவையின் பாற்பட்டதாகவே இருந்தது. நிருபர் எழுதுவர், பத்திராதிபர் அச்சிடுவர், படிப்போர் எழுதினாரது நேர்மையை நம்பியே அதனைக் கொள்வர். நிழற்படக் கருவி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வெளிவந்ததாயினும், அதனாற் பிடித்த படத்தை எழுத்தோடு ஒருங்கே அச்சிடும் வகை அக்காலத்து இல்லை. சித்திரக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்து மரக்கட்டையிற் செதுக்க, அக்கட்டையைக் கொண்டே அச்சிட்டனர். ஆகவே, 'இது செதுக்கினவன் கற்பனை' என மறுப்பார்க்கு இடமிருந்தது. படத்தின் ஒளியையும் நிழலையும் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறை பின்னர்க் கண்டறியப்பட்டது. 1880ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4ஆம் நாள் நியூயார்க்கு நகரத்து 'டெயிலி கிராபிக்' என்னும் பத்திரிகை அம்முறையால் ஒரு நிழற்படத்தை வெளியிட்டது. 1888ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பார் கையில் எடுத்துச் செல்லத்தக்க 'கோடக்' கருவியை விற்கத் தொடங்கினார். இவ்விரண்டும் கூடியபின்னரே காண்டலளவை பத்திரிகைக்குட் புகுந்தது.

இங்ஙனம் புகுந்த காட்சியின் வலி எத்தகையது, அவ்வலி பத்திரிகைச் சுதந்தரத்தோடு எவ்வாறு பிணைந்துளது என்பவற்றை ஆராயப் புகுந்த யாம், உலகனைத்தும் சுற்றாது ஒரு நாட்டின் வரலாற்றை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம்.

ஆப்பிரிக்காவின் நடுவிலுள்ள காங்கோ நாட்டை ஐரோப்பிய வல்லரசுகளின் இசைவு பெற்று 1885ஆம் ஆண்டில் தமது சொந்த உடைமையாக்கிக்கொண்டவர் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு. அந்நாடு பெல்ஜியத்தினும் எழுபது மடங்கிற்கு மேல் விரிந்தது. பெல்ஜியக் குடிகளுக்கோ அவர்தம் சட்டசபைக்கோ அதன்கண் யாதோர் உரிமையும் இல்லை. அதற்கு மன்னர் இட்ட பெயர் 'காங்கோ சுதந்தர ராஜ்யம்' என்பது. சுடுகாட்டை நன்காடு என்னும் மங்கல வழக்கிற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு இலக்கண நூலார்க்கும் அகப்படாது.

1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரத்தை ஆக்கியபின் இரப்பருக்கு உலகெங்கும் தேவை மிகுந்தது. காங்கோக் காடுகளில் இரப்பர்ப் பால் தரும் கொடிகள் தாமே விளைந்து கிடந்தன. அப்பாலைச் சேர்த்துவரும்படி ஒவ்வோர் ஊரினரும் கட்டாயப்படுத்தப்பட்டனர். அளவிற் குறைந்த ஊரின் பெண்டிர் பிணையாகச் சிறைவைக்கப்பட்டனர். மறுத்த ஊருக்குப் படை சென்றது. படைஞர்க்குக் கொடுத்த தோட்டாக்கள் வீணாகவில்லை என்பதற்கு அடையாளமாக, சுடப்பட்டவனுடைய வலக்கையைக் கொணர்ந்து காட்டுமாறு அதிகாரிகள் கேட்டனர். வேட்டையிற் சில தோட்டாக்களைச் செலவிட்ட படைஞன் கணக்கை நேர்செய்ய உயிரோடிருப்பவர் கையையே வெட்டுவதும் உண்டாயிற்று. இரப்பர் ஏற்றிய கூடைகளோடு கைகள் நிரம்பிய கூடைகளும் வந்தன என்பதை எழுதுங்கால் எமது எழுதுகோல் கூசுகின்றது.

இக்கொடுமையை உலகம் அறியாதிருந்ததோவெனின், சொல்லுவார் இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்க மரபினராகிய ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் 1890இலேயே மன்னருக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று விடுத்தார். அவரை இழித்துரைப்பதே விடையாக வந்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்தார். ஷோபுலோம் என்னும் சுவீடன் தேசத்து மிஷனரி, கைகள் வெட்டப்படுவதை 1896ஆம் ஆண்டில் தம் நாட்டுப் பத்திரிகைகளில் எழுதினார்; அதற்காகச் சிறைத்தண்டம் நேருமென அரசாங்கத்தார் அவரை அச்சுறுத்தினர். வில்லியம் ஷெப்பர்டு என்பாரும் ஆப்பிரிக்க மரபினராகிய அமெரிக்க மிஷனரியே. அவர் 1899இல் கசாய்ப் பகுதியில் அரசுக்குத் துணையாயிருந்த ஒரு கூட்டத்தாரது பாசறைக்குள் துணிந்து சென்று, நெருப்பின்மேற் புகையூட்டி வைத்திருந்த வலக்கைகளை எண்ணி 81 எனக் குறித்துவந்தார். இவை யாவும் உரை. சிலர் நம்பினர்; பலர் ஐயுற்றனர்; மன்னரின் ஆட்களோ, 'பொறாமையுற்ற வணிகரும் புரொட்டஸ்டண்டு மிஷனரிகளும் கூடிக் கட்டிய கதை' என்றனர்.

பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கான்சலாகிய ரோஜர் கேஸ்மெண்டு 1903இல் காங்கோ ஆற்றின் மேற்பகுதி சென்று நேரே விசாரித்து ஓர் அறிக்கை எழுதினார். அது 1904ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இலண்டனில் வெளியாயிற்று. ஆனால் அச்சேறுமுன்னர் வெளிநாட்டு இலாகாவினர் அதிலிருந்த ஊர்ப்பெயர் ஆட்பெயர்களை நீக்கி, அவற்றிற்கு மாறாக வெற்றெழுத்துக்களை அமைத்தனர். இன்ன எழுத்து என்னும் ஊரில் இன்ன எழுத்து என்பவன் கையிழந்தான் எனப் படிப்பவர்க்கு இரக்கம் எங்ஙனம் பிறக்கும்? கேஸ்மெண்டு இதனால் மிகவும் மனம் வெதும்பினார். சான்று கூறினோரின் உயிருக்கு ஊறு நேராதவாறு செய்தனர் எனச் சமாதானம் கூறலாம். ஆயினும் முகமில்லாத துன்பத்திற்கு முறையீடும் இல்லையாகின்றது.

அந்த முகத்தை உலகிற்குக் காட்டியவர் ஆலிஸ் ஹாரிஸ் என்னும் ஆங்கில அம்மையார். 1870இற் பிறந்த இவர், 1898இல் ஜான் ஹாரிஸ் என்னும் மிஷனரியை மணந்து, மணம் நிகழ்ந்த சின்னாட்களிலேயே கணவரோடு காங்கோவிற்குக் கப்பலேறினார். காங்கோ பலோலோ மிஷனைச் சார்ந்த இவ்விருவரும் பாரிங்கா என்னும் ஊரில் ஊழியம் செய்தனர். அவ்வூரைச் சூழ்ந்த காடனைத்தும் 'ஆபிர்' என்னும் இரப்பர்க் கம்பெனியின் வசமிருந்தது. அம்மையார் பிள்ளைகட்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்தும், ஓய்ந்த நேரத்தில் தம் நிழற்படக் கருவியால் மக்களையும் மரஞ்செடிகளையும் படம்பிடித்தும் வந்தார். படம்பிடித்தல் அவர்க்கு அந்நாளிற் பொழுதுபோக்கே.

1904ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், வாலா என்னும் ஊரினனாகிய நிசாலா என்பவன் இலையாற் பொதிந்த சிறுபொதி ஒன்றை ஏந்தி மிஷன் இல்லத்திற்கு வந்தான். அவனூர் இரப்பர் அளவிற் குறைந்தமையின் கம்பெனிக் காவலர் ஊரைத் தாக்கி, அவன் மனைவியையும் ஐந்து வயதுள்ள மகளையும் கொன்றிருந்தனர். பொதியை அவிழ்த்தபோது அதனுள் இருந்தவை அக்குழந்தையின் ஒரு கையும் ஒரு காலடியும். அவை ஒழிய மகளென்று சொல்லி எடுத்துவர அவனுக்கு ஒன்றும் எஞ்சவில்லை. அம்மையார் அவனை வேண்டி, வீட்டுத் தாழ்வாரத்தின் விளிம்பில் அமரச்செய்து, அவ்விரண்டையும் அவன்முன் வைத்துப் படம் பிடித்தார்.

அப்படத்தில் குருதி பெருகுவதில்லை, அழுகையும் இல்லை. ஒரு மனிதன் இருக்கின்றான். சிறிய இரு பொருள்களைக் குனிந்து நோக்குகின்றான். பின்னே சற்றுத் தொலைவில் ஆட்கள் காணப்படுகின்றனர். அவன் நம்மை நோக்குவானல்லன். முதலில் அவன் நோக்குவது யாதென்று நமக்கு விளங்குவதில்லை. விளங்கிய பின்னர் நம்மால் வேறொன்றையும் நோக்க இயலுவதில்லை. இப்படத்தை முதன்முறை கண்டஞான்று யாம் நெடுநேரம் ஏட்டைத் திருப்பவில்லை. கண்ணகி பாண்டியன் அவைக்கண் சொற்களால் வழக்குரைத்தபோது, கள்வனைக் கோறல் முறையேயென விடையிறுத்த மன்னன், சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பின்னரன்றோ அரியணையினின்று வீழ்ந்தான்? நிசாலாவின் பொதியும் அத்தன்மைத்து. வேறுபாடு ஒன்றே: பெல்ஜிய அவையின் அரசர் வீழவில்லை, கணக்கரை அழைத்தார். அதனைப் பின்னர்க் காண்பாம்.

அம்மையார் எடுத்த படங்கள் அந்த ஆண்டிலேயே இங்கிலாந்து சென்றன. அங்கு எட்மண்டு மோரல் என்பார் அவற்றை எதிர்நோக்கியிருந்தார். இவர் முன்னர்க் காங்கோவிற்கு ஓடும் கப்பல்களையுடைய கம்பெனியொன்றிற் குமாஸ்தாவாக இருந்தவர். இரப்பரும் தந்தமும் ஏற்றிவரும் கப்பல்கள் மீளுங்கால் துப்பாக்கியும் தோட்டாவுமே பெரும்பான்மையாகக் கொண்டு செல்லுவதைக் கணக்கேடுகளிற் கண்டு, விலைகொடாது பெறும் சரக்கு அடிமை வேலையால் அன்றி வாராதென உய்த்துணர்ந்தவர். அஃதாவது, கருதலளவையால் மெய்யைக் கண்டவர். வேலையைத் துறந்து 1903இல் 'வெஸ்ட் ஆப்பிரிக்கன் மெயில்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1904இல் காங்கோச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவினார். நிசாலாவின் படம் அவ்வாண்டு மோரல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. 1905இல் மார்க்கு ட்வெயின் எழுதிய ஏளன நூலொன்றும் இத்தகைய படங்களோடு வெளிவந்தது. அதில் வரும் லியோபோல்டு, எல்லாரையும் விலைக்கு வாங்கிய தம்மால் கோடக் கருவியை வாங்க இயலாமையைச் சொல்லிப் புலம்புகின்றார்.

அச்சிட்ட ஏடுகளினும் மிகுதியாகப் படங்களைப் பரப்பியது 'மாஜிக் லாந்தர்' என்னும் விளக்கு. கண்ணாடித் தகட்டில் அமைத்த படத்தை அது வெண்டிரைமேற் பெரிதாக்கிக் காட்டும். ஹாரிஸ் தம்பதிகள் கோவில்களிலும் மண்டபங்களிலும் அவற்றைக் காட்டிப் பேசினர். அமெரிக்காவில் மட்டும் 49 நகரங்களில் 200க்கு மேற்பட்ட கூட்டங்கள் நடத்தினர். தழும்புற்ற கைகளைக் காணாமல் நம்பேன் என்ற தோமா அப்போஸ்தலரின் மனநிலையோடு வந்தவர் பலர், கைகளே இல்லாத மணிக்கட்டுகளைக் கண்டு திரும்பினர்.

இத்துணையும் கூறிய யாம், நிழற்படம் ஐயத்திற்கிடமில்லாத சான்று எனக் கூறத் துணியோம். அம்மையார் எடுத்த படங்களிற் பல, ஏற்பாடு செய்து எடுத்தவை. கையிழந்தாரை நேரே நிறுத்தி, மொண்டிக் கை நன்கு புலப்படுமாறு மார்பின்மேல் வெள்ளைத்துணியைப் போர்த்துப் படம் பிடித்தனர். இது பொய்யாகுமோவெனின், ஆகாது. எனினும் நிகழ்ச்சியைப் பிடித்த படம் வேறு, நிகழ்ந்ததற்குச் சான்றாக அமைத்த படம் வேறு. படங்கள் பல இரண்டாம் வகையின என்பதை நாம் மறைத்தலாகாது.

இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. கையின்மையைப் படம் காட்டும். வெட்டியவன் யாவன் என்பதைக் காட்டாது. எப்பொண்டோ என்னும் சிறுவனின் கையை இரப்பர்க் கம்பெனிக் காவலன் வெட்டினான் எனக் கேஸ்மெண்டு எழுதினார். அச்சிறுவனின் படமும் உண்டு. அரசுத் தரப்பினர், காட்டுப்பன்றி கடித்தமையால் அக்கை போயிற்று என்றனர். சிறுவனே பின்னர் அங்ஙனம் மொழிந்ததாகவும் எழுதி வெளியிட்டனர். ஒரு சிறுவனின் சொல்லை மாற்றுவது அரசுக்கு அரிதன்று. ஆனால் படம் அதனை மறுக்க வல்லதாயில்லை. மற்றொரு படத்தில் உள்ள மோலா என்பானின் கைகள் வெட்டப்பட்டவையே அல்ல. படைஞர் இறுகக் கட்டியதால் அழுகி வீழ்ந்தவை. இக்காரணத்தைச் சொல்லாமற் படத்தை மட்டும் வெளியிட்டால், பிழையொன்றைக் காட்டிப் பகைவர் மெய்யனைத்தையும் தள்ளிவிடுவர். ஆகலின் காண்டல் வந்தமையால் உரைக்கு வேலையில்லாது போகவில்லை. இன்னார், இன்ன ஊரார், இன்ன நாளில் என்னும் குறிப்பு படத்தின் அடியில் இருந்தமையாலேயே ஹாரிஸ் அம்மையாரின் படங்கள் நின்றன. கேஸ்மெண்டின் அறிக்கை இழந்ததும் அதனையே.

இனி, அரசர் என்செய்தார்? படங்களைப் பறிக்க அவரால் இயலவில்லை. அவை வேற்று நாட்டிற் சட்டத்தின் காவலில் இருந்தன. ஆகவே பத்திரிகைகளை நாடினார். 1904 முதல், பல நாடுகளிலும் தமக்குச் சார்பான கட்டுரைகளும் நூல்களும் வெளிவருதற்பொருட்டு மறைவாகப் பணம் வழங்கும் அலுவலகம் ஒன்றை அமைத்தார். உலகின் வாயை அடைக்க அவரே நியமித்த விசாரணைக் கமிஷன், எதிர்பாராவகையில், குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் உண்மையெனக் கண்டது. அதன் அறிக்கை 1905ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியாதற்கு முதனாள், 'மேற்கு ஆப்பிரிக்க மிஷனரிச் சங்கம்' என்னும் பெயரால் அறிக்கையின் சுருக்கம் எனப்பட்ட ஒன்று இங்கிலாந்துப் பத்திரிகைகட்குக் கிடைத்தது. பத்திராதிபர்கள் மகிழ்ந்து அதனையே அச்சிட்டனர். பின்னர் மூலத்தைப் படித்தபோதுதான் சுருக்கம் மூலத்தோடு ஒவ்வாதது என்பதும், அச்சங்கம் மன்னர் பணத்தால் ஆக்கிய போலி என்பதும் தெரிந்தன. அமெரிக்காவில் மன்னருக்காக மறைவில் உழைத்த வழக்கறிஞர் ஒருவரின் கடிதங்கள் 1906ஆம் ஆண்டு டிசம்பரில் 'நியூயார்க்கு அமெரிக்கன்' பத்திரிகையில் வெளியாகவே, பணத்தின் வழி அங்கும் வெளிப்பட்டது. பத்திரிகைச் சுதந்தரம் விலைபோதற்கும் இடந்தரும் என்பது இதனாற் பெறப்படுகின்றது. விலைபோனமையை வெளிப்படுத்தியதும் பிறிதொரு பத்திரிகையே என்பதையும் உடனெண்ணுதல் வேண்டும்.

காங்கோவிற்குள்ளேயோ இச்சுதந்தரம் மிக மெலிந்திருந்தது. அங்கிருந்த அச்சுப்பொறிகளுட் சில மிஷன்களுக்குரியவை. மேலே கூறிய ஷெப்பர்டு, 'கசாய் ஹெரால்டு' என்னும் சிறிய மிஷன் பத்திரிகையில், குபா மக்கள் தம் வீடும் கலையும் விட்டு இரப்பருக்காகக் காட்டில் உழலுவதை 1908ஆம் ஆண்டு சனவரியில் எழுதினார். சிலநூறு பேர் படிக்கும் ஏடாயினும் இரப்பர்க் கம்பெனி பொறுக்கவில்லை. அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909ஆம் ஆண்டு, இந்நாளிற் கின்ஷாசா எனப்படும் லியோபோல்டுவில் நகரத்தில் வழக்கு நடந்தது. பெல்ஜியச் சட்டசபையினராகிய எமில் வாந்தர்வெல்டு, மதத்திற் பற்றில்லாத சமதருமக் கட்சியினராயிருந்தும், ஊதியம் பெறாது கடல்கடந்து வந்து மிஷனரிக்காக வாதாடினார். ஷெப்பர்டு குற்றவாளியல்லரெனத் தீர்ப்பு வந்தது.

மிஷன் கல்லூரியொன்றின் மாணவராகிய யாம் இவ்விடத்து ஒன்றை மறைக்க விரும்புகிலேம். ஷோபுலோம், ஷெப்பர்டு, ஹாரிஸ் என்னும் பெயர்களை எண்ணி நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆனால் அவர்களோடு அதே ஆற்றங்கரையில் வாழ்ந்து, அக்கைகளைக் கண்டு, வாளாவிருந்த ஊழியரும் பலர். அரசைப் பகைத்தால் புதிய ஊர்களில் நிலம் கிடையாது, ஊழியம் தடைப்படும் என்பது அவர்தம் எண்ணம். தாய்நாட்டிலிருந்த சங்கத் தலைவருட் சிலர் லியோபோல்டு மன்னர்க்கு நன்றியுரையும் வாசித்தளித்தனர். நன்னோக்கத்தால் வந்த மௌனம் எனச் சிலர் இதற்கு இரங்குவர். யாம் இரங்கோம். ஆண்டுதோறும் சபை மக்கட்கு அனுப்பிய ஊழிய அறிக்கைகளில் எத்தனை பள்ளி, எத்தனை ஞானஸ்நானம் என்னும் கணக்கெல்லாம் இருக்க, அக்கூடைகளின் கணக்கு மட்டும் இல்லாது போயினமை, எந்த அரசும் விதியாத தணிக்கை. தாமே தமக்கு விதித்துக்கொண்டது. சங்கத்தின் பத்திரிகையாகிய 'ரீஜன்ஸ் பியாண்டு' கூட முற்காலத்தில் அடக்கியே எழுதிற்று. அதே ஏட்டில் பின்னர் நிழற்படங்கள் வந்தமைக்கு அம்மையாரின் மனத்திட்பமே காரணம் என்போம்.

கறுப்பு மக்கள் தாமே பேசவில்லையோ எனின், பேசினர். கமிஷன் பாரிங்காவிற்கு வந்தபோது, பொலிமா என்னும் ஊரின் தலைவனாகிய லொந்துலு என்பவன் 110 குச்சிகளைக் கொணர்ந்து மேசைமேற் பரப்பினான். இரப்பர்பொருட்டுக் கொல்லப்பட்ட தன் மக்கள் ஒவ்வொருவர்க்கும் ஒரு குச்சி. தலைவர்க்கு நெடியது, ஆடவர்க்கு அடுத்தது, பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் குறியது எனப் பகுத்திருந்தான். ஒவ்வொன்றையும் எடுத்து அவர்தம் பெயரையும் கூறினான். எழுத்தறியாதவன் எனப்பட்ட அவன் செய்தது உரையோடு கூடிய காண்டலன்றி வேறென்ன?

1908ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெல்ஜிய அரசாங்கம் காங்கோவை மன்னரிடமிருந்து ஏற்றுக்கொண்டது. அவருக்கு ஐந்து கோடி பிராங்கு 'நன்றிக்கு அறிகுறியாக' வழங்குவதென உடன்பாடாயிற்று. கொடுமை அன்றே ஒழிந்ததில்லை. கட்டாய வேலை வேறு உருக்கொண்டு நெடுங்காலம் நடந்தது. நாட்டைக் கொடுக்குமுன், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், காங்கோ ராஜ்யத்தின் கடிதங்களையும் கணக்குகளையும் மன்னர் கொளுத்தச் செய்தார். பிரசெல்சில் எட்டுநாள் அடுப்பு அவியாமல் எரிந்தது. லொந்துலு முதலியோர் கமிஷன்முன் சொன்ன வாக்குமூலங்கள் அத்தீயிற் படாது தப்பின; ஆனால் கமிஷன் அறிக்கையோடு அவை அச்சிடப்படவில்லை. அரசு ஆவணச்சாலையில் அடைபட்டுக் கிடந்த அவற்றை யாவரும் தடையின்றிப் படித்தற்கு 1980க்குப் பிற்பட்ட ஆண்டுகளிலேதான் இசைவு கிடைத்தது. அதற்குள் ஆலிஸ் ஹாரிஸ் அம்மையாரும் நூறாண்டு வாழ்ந்து 1970இல் இறந்திருந்தார். நிசாலாவின் படமோ 1904ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது.